தரையில் நிற்கிற விமானத்தின் முட்கள்

தரையில் நிற்கிற விமானத்தின் வேகமானி ஏன் மணிக்கு 200 மைலைக் காட்ட வேண்டும்? இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியச் சண்டை விமானமான ஹரிக்கேனின் 1/48 அளவு மாடல் ஒன்றின் டெக்கல் தாளை, அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற அச்சுப்படத் தாளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி இது. நான் செய்ய நினைத்திருந்தது நிற்கிற விமானம். சில்லுகளுக்கு முட்டுக்கட்டை, பின்னால் தள்ளித் திறந்த கண்ணாடிக் கூரை, இறக்கையில் ஒரு கருவிப் பெட்டி என்று எல்லாம் அதற்கான ஏற்பாடு. ஆனால் விமானி இருக்கிற கொக்பிற்றுக்குள் போகவேண்டிய பனலில், அதாவது டயல்கள் உள்ள கருவிப் பலகையில், முட்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. வேகமானி 200ஐத் தாண்டி நின்றது. உயரமானி எத்தனையோ ஆயிரம் அடியில் நின்றது. செயற்கை அடிவானம் மட்டம் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. அச்சடித்தவர்கள் பறக்கிற விமானத்தின் படத்தை வைத்து வரைந்திருப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பறக்கிற நிலையில் மாடல் செய்து தண்டில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த முட்களைக் கண்ட பிறகு தாளை அப்படியே ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொக்பிற்றுக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா, மூடினால் ஆருக்குத் தெரியப் போகிறது என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் பெரிதாகப் பட்டதில்லை. ஒரு விமானத்தில் மனிதனுக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். இறக்கை காற்றுக்கு, சில்லு தரைக்கு, குழாய்கள் எரிபொருளுக்கு. பனல் மட்டும்தான் ஒரு ஆளின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. அதைச் சரியாகச் செய்யாமல் வெளியே எத்தனை நிறம் அடித்தாலும் என்னைப் பொறுத்தவரை அந்த விமானம் முடிந்ததாகாது.

பனல் டெக்கல் ஒட்டுவதில் எங்கள் ஆட்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. முழுப் பனலுக்குமான டெக்கலை ஒரே துண்டாக மேடுபள்ளமான பிளாஸ்டிக்கின் மேல் விரித்து, மைக்ரோ சொல், மிஸ்டர் மார்க் சொஃப்ரர் போன்ற, டெக்கலை இளகவைக்கிற திரவத்தை (இளக்கி) அடுக்கடுக்காகத் தடவி, அது சுருங்கித் தானாக இறங்கும்வரை கைவைக்காமல் விடுவது ஒரு கட்சி. டயல்களைத் தனித்தனியே வெட்டி, பிளாஸ்டிக்கில் டயலுக்கென்று மேடாக வார்த்த ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இறக்குவது மற்றக் கட்சி. மேடுகளை அரத்தாளால் தேய்த்துச் சமனாக்கிவிட்டு டெக்கலை ஒட்டுகிறவர்களும் உண்டு. 1/72 அளவில் நானும் அதைத்தான் செய்வேன். அந்த அளவில் டயல் ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அச்சில் வார்த்த வளையம் இருக்க வேண்டியதைவிடத் தடிப்பாக வந்துவிடும், இல்லாமல் போவதே வடிவு. 1/48க்கு வந்தால் நான் இரண்டாம் கட்சி, அதில் மாற்றமில்லை. ஒரே துண்டாகப் போடும்போது நடுவில் எல்லாம் சரியாகப் பொருந்தியதுபோல இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக மயிரிழை மயிரிழையாக விலகி, கடைசி டயல் வளையத்தின் விளிம்பில் ஏறிக் குந்திவிடும். வளையங்களுக்கு இடையில் படலம் கூடாரத் துணிபோல இழுபட்டு, கீழே காற்று அகப்பட்டு வெள்ளையாக மினுங்கும், இதைத்தான் வெள்ளி பூப்பது என்போம். பளபளப்பான வார்னிஷ் அடித்த பிறகுதான் ஒட்டினேன் என்று சொல்பவர்களின் பனலிலும் இந்த ஓர விலகலை நான் பார்த்திருக்கிறேன். எடுவார்ட், யாஹு, குயிண்டா என்று நிறத்தோடே வரும் பனல்களும் இருக்கின்றன, அருமையானவை. இங்கே வன்னியில் இருந்துகொண்டு அவற்றை எடுப்பதென்றால் கொழும்பில் கிடைக்க வேண்டும், அல்லது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆராவது வர வேண்டும்.

கடுகளவு முகம்

அந்தக் காலத்துப் பிரித்தானிய விமானப் பனலில் முக்கியமான டயல்களின் முகம் ஏறத்தாழ 80 மில்லிமீற்றர். 48ஆல் வகுத்தால் 1.7 வரும். அதாவது கடுகு. கத்தியால் வெட்டினால் அது வட்டமாக வராது, பல மூலையுள்ள ஏதோ ஒன்றாக வரும். வட்டம் குத்துகிற கருவி நல்லதாக வாங்கினால் விலை எக்கச்சக்கம். நான் பயன்படுத்துவது ஊசி. 14 கேஜ் ஊசியின் உள்விட்டம் 1.6 மில்லிமீற்றர், டயலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல. மாட்டுக்கு மருந்து ஏற்றுகிற தடித்த ஊசிகளில் இந்த அளவு கிடைக்கும். கால்நடை வைத்தியத்தில் வேலை செய்கிற நண்பர் பாவிக்காத ஊசி ஒன்றைத் தந்தார். அதன் சாய்ந்த முனையை எண்ணெய்க்கல்லில் தட்டையாகத் தேய்த்து, பிறகு வெளிப்பக்கத்தை மட்டும் சுற்றிச் சுற்றிக் கூராக்க வேண்டும். உள்விளிம்பைத் தொடக்கூடாது. டெக்கல் தாளைத் தடித்த றப்பர் விரிப்பில் வைத்து, டயலின் மேல் ஊசியை நேராக நிறுத்தி, அழுத்தி ஒரு அரைச் சுற்றுத் திருகினால் வட்டம் ஊசிக்குள் போய்விடும். பின்பக்கத்தால் மெல்லிய கம்பியை விட்டுத் தள்ளினால் வெளியே வந்து விழும்.

தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு மாடல்காரர்கள் பலருக்கு இது ஒரு விசயமே இல்லை. கிளிநொச்சிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படை படிந்திருக்கும். அதே தண்ணீரில் ஊறிய டெக்கல் காய்ந்த பிறகு, கறுப்புப் பனலில் டயலைச் சுற்றி அதே வெள்ளை மெல்லிய வளையமாக நிற்கும். வெள்ளி பூத்துவிட்டது என்று நினைத்து இளக்கியை மேலும் மேலும் தடவினால் பயன் இல்லை, அது சுண்ணாம்பு. பற்றரிக்கு விடுகிற தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்தது. மாரியில் மழைத்தண்ணீரும் நல்லது, கூரையில் படாமல் நேரே ஏந்தினால்.

வெக்கை அடுத்த பிரச்சினை. சோளகம் வீசுகிற மாதங்களில் பகலில் இந்த வேலைக்கு உட்காரவே கூடாது. டெக்கலை வைக்க முன்னம் வளையத்துக்குள் விடுகிற மைக்ரோ செற் என்ற திரவத்தின் துளி, டயலைக் கொண்டுவந்து வைப்பதற்குள் காய்ந்துவிடும். காற்றாடியைப் போட்டால் கடுகளவு டெக்கல் எங்கே போனதென்றே தெரியாது. விடிய முன்னம்தான் சரியான நேரம். விளக்கை மேசைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தூரிகை நுனியால் ஒரு துளி மைக்ரோ செற்றை வளையத்துக்குள் விடுவேன். வினாகிரி மணம் வரும், அதில் இருப்பது அசற்றிக் அமிலம். ஊறிய டயலை அதே நுனியால் தாளிலிருந்து வழுக்கி எடுத்துத் துளியின் மேல் விட்டால், அது மிதந்தபடி மெதுவாகச் சுழலும். இதுதான் கவனிக்க வேண்டிய கட்டம். வட்டத்துக்கு மேல் கீழ் கிடையாது, எந்தப் பக்கம் மேலே என்பதை எண்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பூச்சியம் எங்கே என்று பார்த்து, தூரிகையின் ஒரே மயிரால் தொட்டுத் திருப்பி, நேரானதும் கடதாசிக் கைக்குட்டையின் கூரான முனையை வளையத்தின் ஓரத்தில் வைத்தால் ஈரம் இழுபட்டு டயல் அமர்ந்துவிடும். அப்புறம் மைக்ரோ சொல். தடவியதும் டெக்கல் சுருங்கிக் கெட்டுப்போனதுபோலத் தெரியும். தொடக்கூடாது. காய்ந்து எழும்போது பெயின்ற் அடித்ததுபோலத் தரையோடு ஒட்டிக்கிடக்கும். எல்லா டயலும் முடிந்த பிறகு பனல் முழுவதற்கும் மங்கல் வார்னிஷ், கடைசியில் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். அது காய்ந்தால் கண்ணாடி.

பெரியம்மா கேட்டது

இந்த ஊசி வேலையெல்லாம் அந்தத் தாளில் இருந்த பறக்கிற டயல்களோடு ஒரு பழைய பனலில் பழகிப் பார்த்தபோது செய்தவை. நடுவில் இருக்கிற ஆறு டயலும் ஒட்டி முடிந்திருந்தன. அன்று பின்னேரம் வந்திருந்த பெரியம்மா மேசையடிக்கு வந்து, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, மணிக்கூடோ?"

"மணிக்கூடு தனிய இருக்குது பெரியம்மா. இது ஆறும் ஓடுறவருக்கு விசயம் சொல்லுறது."

ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். இது வேகம். இது உயரம். இது ஏறுதோ இறங்குதோ எண்டு. இது சரிஞ்சிருக்கோ நேராயோ எண்டு. இது திசை. இது திரும்புறது. கேட்டுக்கொண்டே வந்தவர் பூதக்கண்ணாடியை எடுக்காமலே கேட்டார்:

"கீழ இருக்கிற சனத்தைக் காட்டுறது எது?"

"அப்பிடி ஒண்டு இல்லை பெரியம்மா."

"ஓம், இராதுதானே" என்றார். குரலில் கோபம் இல்லை. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டுக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

அந்த ஆறு டயலின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். 1937இல் பிரித்தானிய விமானப்படை இந்த ஆறையும் ஒரே ஒழுங்கில் ஒரு பலகையாக்கியது. மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்றமானி. கீழ் வரிசையில் உயரமானி, திசைச் சுழல்காட்டி, திருப்பமானி. ஹரிக்கேன், ஸ்பிற்ஃபயர், லங்காஸ்ரர் எல்லாவற்றிலும் இதே ஒழுங்குதான், ஒன்றில் பழகியவர் மற்றதிலும் கண்ணைத் தேடவிடாமல் படிக்கலாம். மேகத்துக்குள்ளும் இருட்டிலும் வெளியே பார்க்காமல் பறப்பதற்கென்றே உண்டான பலகை அது. வேகமானி எதிர்க்காற்றின் அழுத்தத்தை நிலைக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிடுகிறது. உயரமானியும் ஏற்றமானியும் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டும் பார்க்கின்றன. மற்ற மூன்றில் உள்ளே சுழலும் சில்லு இருக்கிறது. ஆறும் விமானத்துக்கு அதன் நிலையையே சொல்கின்றன. கீழே வயலா, கடலா, பள்ளிக்கூடமா என்பது அவற்றின் வேலை இல்லை. இதையெல்லாம் நான் எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். பெரியம்மா கேட்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

ஏனென்றால் நாங்கள் விமானத்தை அறிந்ததே அந்தப் பக்கத்திலிருந்துதான். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. குண்டு போட வந்த அரச விமானப்படையின் சியாமாசெட்டி, புக்காரா, 1996இல் கிபிர், 2000இல் மிக், பிறகு இராப்பகலாக வண்டு என்று நாங்கள் சொல்கிற ஆளில்லா வேவு விமானம். பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் சத்தத்தை வைத்து இன்னதென்று சொல்லிவிடுவோம். எந்தத் திசையில் இருந்து வருகிறது, உயரத்தில் போகிறதா பதிகிறதா, பங்கருக்குள் ஓட நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் காதால் அறிந்த கணக்கு. மேலே இருந்தவர் தன் உயரத்தை டயலில் படித்துக்கொண்டிருந்தார். கீழே நாங்கள் அதே உயரத்தைச் சத்தத்தில் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் தேடியிருக்கிறோம்.

விமானங்களை ஏன் செய்கிறாய், அதுவும் இந்த மண்ணில் இருந்துகொண்டு என்று நேரடியாகவே கேட்டவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு என் மேசையைப் பார்ப்பதே கஷ்டம், அவர்கள் வருகிற நாட்களில் நான் துணி போட்டு மூடிவிடுவேன். என் பதில் எளிமையானது. வயிற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. பயந்த ஒன்றைக் கையில் எடுத்து, திருகாணி திருகாணியாக விளங்கிக்கொண்டால் அது ஒரு யந்திரம், அதற்குள் இருந்தது ஒரு ஆள் என்ற இடத்துக்கு மனம் வருகிறது. எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது.

எஞ்சின் நின்ற பிறகு

பெரியம்மா போன பிறகு முட்களின் கேள்வி வேறு கனத்தோடு வந்தது. அதுவரை அது துல்லியத்தைப் பற்றிய கேள்வி. இப்போது நான் செய்கிற விமானம் எங்கே நிற்கிறது என்பதை அதன் பனல் அறிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தரையில் நிற்கிற விமானம் தரையில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஹரிக்கேனை நான் எடுத்ததே திருகோணமலைக்காக. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானந்தாங்கிகளில் இருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, பக்கத்துச் சீனக்குடா விமானத்தளத்தில் இருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் எழும்பின. நான் செய்ய விரும்பியது அதற்கு முந்திய ஏதோ ஒரு அமைதியான நாளின் விமானம்.

அப்படி நிற்கிற விமானத்தின் டயல்கள் என்ன காட்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்ததுபோல இன்பமான வேலை இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வேறு கிடைத்ததில்லை. வேகமானி பூச்சியம், ஏற்றமானி பூச்சியம், இவை சுலபம். உயரமானிக்கு மின்சாரமோ எஞ்சினோ தேவையில்லை, வெளிக்காற்றே போதும், அதனால் அது நிற்கும்போதும் உயிரோடு இருக்கும். சீனக்குடா கடலோடு ஒட்டிய இடம், எனவே பூச்சியத்தை ஒட்டி. இதே விமானத்தை வவுனியாவில் நிறுத்தினால், கடல்மட்டத்துக்குச் சரிசெய்த உயரமானி 300 அடிக்குக் கிட்டக் காட்ட வேண்டும். வவுனியாவிலும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய ஓடுபாதை இருந்தது, போபோர்ட் தார்ப்பீடோ விமானங்கள் நின்றன, இது இங்கே இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. சுழலும் சில்லுகளுக்கு எஞ்சினில் பூட்டிய பம்ப் காற்றை உறிஞ்ச வேண்டும். எஞ்சின் நின்றால் சில்லும் ஓய்ந்து, செயற்கை அடிவானம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். நேராக இருக்கிற அடிவானம் நிற்கிற விமானத்தில் பொய். எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற பூஸ்ற் மானி பூச்சியத்தில் நிற்கும், ஏனென்றால் பிரித்தானியர் அதைச் சாதாரண வளியழுத்தத்திலிருந்து கூடக் குறைய என்று அளந்தார்கள். அமெரிக்க விமானமாக இருந்தால் அதே வேலையைச் செய்கிற மானி எஞ்சின் நின்றபோதும் 30 அங்குலத்தை ஒட்டிக் காட்டும். எண்ணெய் வெப்பமானியைப் பூச்சியத்தில் விடக்கூடாது, திருகோணமலை வெயிலில் நிற்கிற இரும்பு 30 பாகைக்குக் கீழே இராது.

இப்படி முட்கள் உள்ள டெக்கல் எங்கும் விற்பனைக்கு இல்லை, நானே வரைந்தேன். சாதாரண லேசர் அச்சுப்பொறியால் வெள்ளை அச்சடிக்க முடியாது. அதனால் வெள்ளை டெக்கல் தாளில் கறுப்பை அச்சடித்து, எண்களையும் முட்களையும் அச்சு விழாத இடமாக விட வேண்டும். 600 டிபிஐ அச்சில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி விழுகிற அச்சில், 1.6 மில்லிமீற்றர் என்பது 38 புள்ளி. எண்களை அதில் எதிர்பார்க்க முடியாது, கோடுகளும் முள்ளும் வரும், முள்ளுக்கு இரண்டு புள்ளி அகலம் போதும். 1200இல் இரட்டிப்புப் புள்ளி, அப்போது பூதக்கண்ணாடியில் எண்ணுக்கான சாயல்கூடத் தெரியும். நகரத்துப் போட்டோக்கொப்பிக் கடைத் தம்பி தடித்த தாளைக் கையால் ஒவ்வொன்றாக ஊட்டி அச்சடித்துத் தந்தார், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இன்னும் கறுப்பாக வரப் பண்ணட்டுமா என்றும் கேட்டார். மேலே தெளிவான வார்னிஷை மெல்லிசாக விசிற வேண்டும், இல்லாவிட்டால் இளக்கி பட்டதும் கறுப்பு வெடிக்கும். வெள்ளைப் படலம் மாடல் பெட்டியோடு வருகிற டெக்கலைவிடத் தடிப்பு, வளையத்துக்குள் அமர அதிக நேரம் எடுக்கும். வெட்டிய விளிம்பில் வெள்ளை மயிரிழையாகத் தெரியும், கறுப்பை ஊசிமுனையில் எடுத்துச் சுற்றிவர ஓடவிட்டால் மறைந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கிற மாடல்கார நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, கறுப்பில் கறுப்பாக இருக்கிறது, முட்கள் பறக்கிற நிலையில் நின்றால் கண்ணுக்கு எடுப்பாக இருந்திருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை. பறக்கிற பனல் வடிவானது, கண் உடனே அதில் போய் நிற்கும். நிற்கிற பனலில் முட்கள் பெரும்பாலும் பூச்சியத்தில் ஒதுங்கிக் கிடக்கும், படத்தில் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். இருந்தும் நான் மாற்றவில்லை. இனி என் மேசையில் எழும்புகிற விமானங்கள் எல்லாம் எஞ்சின் நின்று, ஆள் இறங்கிப் போன விமானங்களாகத்தான் இருக்கும்.

அலுமாரிக்கு மேலே கனகாலமாக ஒரு கிபிர் கிட் கிடக்கிறது, கனடாவில் இருக்கிற மச்சான் என் ஆசையைத் தெரிந்து அனுப்பியது. பெட்டிப் படத்தைப் பார்த்தாலே வயிற்றுக்குள் ஏதோ செய்யும், அதனால் திறக்காமலே விட்டிருந்தேன். ஹரிக்கேனை முடித்த பிறகு திறந்தேன். மிராஜ் 5இன் உடம்புக்குள் அமெரிக்க ஜே79 எஞ்சினைப் போட்டுச் செய்த யந்திரம் அது. காற்று வாய்களுக்கு மூடி போட்டு, மூக்குக் குழாய்க்குச் சிவப்பு உறை மாட்டி நிறுத்தப் போகிறேன். ஜெட் பனல்களில் இரண்டேகால் அங்குல டயல்களும் நிறைய, 48ஆல் வகுத்தால் 1.2 மில்லிமீற்றர் வரும், 14 கேஜ் ஊசி அதற்குப் பெரிது. 16 கேஜ் உள்விட்டம் கச்சிதமாக அதே 1.2. நண்பரிடம் ஊசிக்குச் சொல்லியாயிற்று. கிபிரின் பனலைக் கிட்டத்தில் எடுத்த தெளிவான படம் ஆரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், முக்கியமாக எஞ்சின் டயல்களோடு.